மேங்கோ நம்முடையது, மனி நம்முடையதல்ல

கிருஷ்ணகிரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது. ஆங்கிலச் சொற்களில் பாதி தமிழிலிருந்து பிறந்தவை என்று ஒரு பட்டியல் அவர் வகுப்பில் கைபேசி கைபேசியாகச் சுற்றுகிறதாம். ஒன்று – ஒன், எட்டு – எய்ட், மணி – மனி, காசு – கேஷ், தாக்கு – அட்டாக், மாங்காய் – மேங்கோ, இஞ்சி – ஜிஞ்சர், கட்டுமரம் – கேட்டமரான் என்று அது நீள்கிறது. "இதில் எது உண்மை, எது கட்டுக்கதை? நாங்களே எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

சுருக்கமான பதில்: மாங்காய், இஞ்சி, கட்டுமரம் மூன்றும் உண்மை. ஒன்று, எட்டு, மணி, தாக்கு நான்கும் தவறு. காசு மட்டும் உண்மையாகவும் இருக்கிறது, தவறாகவும் இருக்கிறது. அது எப்படி என்பதுதான் இந்தப் பட்டியலிலேயே சுவையான கதை.

முதலில் எட்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த ஒரு சொல்லில் முழுப் பாடமும் இருக்கிறது. எட்டு, எய்ட் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கின்றன. ஆனால் சொற்களின் உறவை இன்றைய ஒலியை வைத்து முடிவு செய்யக்கூடாது. பழைய உருவத்தை வைத்துத்தான் செய்ய வேண்டும். தமிழில் எட்டின் பழைய உருவம் 'எண்'. எண்பது, எண்ணூறு, எண்திசை, எண்சாண் உடம்பு என்று இன்றும் நாம் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஓசூர் சந்தையில் தக்காளிக் கூடையை விலை பேசும்போது கன்னடக்காரர் 'எண்ட்டு' என்பார், தெலுங்குக்காரர் 'எனிமிதி' என்பார். மூன்று மொழிகளிலும் அந்த மூக்கொலி இருக்கிறது. தமிழில் மட்டும் அது டகரத்தோடு கரைந்து 'எட்டு' ஆகிவிட்டது.

ஆங்கிலப் பக்கம் போனால் அங்கே மூக்கொலியே கிடையாது. லத்தீனில் ஆக்டோ, கிரேக்கத்தில் ஒக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. ஜெர்மன் மொழியிலும் தொண்டையிலிருந்து வரும் ஓர் ஒலி நடுவில் நிற்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அந்த ஒலி இருந்தது. எய்ட் என்பதை எழுதும்போது நடுவில் ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகள் ஒலிக்காமல் நிற்கின்றனவே, அவை அந்தப் பழைய ஒலியின் எச்சம்தான். ஆக, பின்னோக்கிப் போகப் போக இரண்டு சொற்களும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. உறவுள்ள சொற்கள் பின்னோக்கிப் போனால் நெருங்க வேண்டும். இவை விலகுவதால், இன்றைய ஒற்றுமை தற்செயல்.

'ஒன்' என்பதும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. சொல்லின் முன்னால் இன்று கேட்கும் வகர ஒலி பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. ஒன்லி, அலோன் என்ற சொற்களில் அதே ஒன் இருக்கிறது, ஆனால் வகரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜெர்மனின் ஐன், லத்தீனின் ஊனுஸ் ஆகியவை அதன் உறவினர்கள்.

மனி என்ற சொல்லுக்கு ரோம் நகரத்தில் முகவரியே இருக்கிறது. கேப்பிடோலைன் குன்றில் ஜூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்தின் கோவில் இருந்தது. அதையொட்டி நாணயச் சாலை இயங்கியது. அந்த மொனேட்டா என்ற பெயரே நாணயச் சாலைக்கும் நாணயத்துக்கும் பெயராகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் மனி ஆயிற்று. அதே மொனேட்டா இன்னொரு பாதையில், இன்னும் முன்னதாகவே, ஆங்கிலத்துக்கு வந்து 'மிண்ட்' ஆனது. நம் மணிக்கு இதில் பங்கில்லை.

இப்போது காசு. ஆங்கிலத்தில் கேஷ் என்று எழுத்தும் ஒலியும் ஒன்றான இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வங்கியில் 'கேஷ் கவுண்ட்டர்' என்கிறோமே, அந்தக் கேஷ் லத்தீனின் கேப்ஸா, அதாவது பெட்டி என்ற சொல்லிலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியாக வந்தது. முதலில் அது பணப்பெட்டியைக் குறித்தது. பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்தைக் குறித்தது. கேஷியர், கேஸ், கேப்ஸ்யூல் எல்லாம் அதே குடும்பம்.

இன்னொரு கேஷ் நம்முடைய காசேதான். போர்த்துகீசியர் காசு என்பதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'கைஷா' ஆக்கினார்கள். ஆங்கிலேயர் அதைக் கேஷ் ஆக்கினார்கள். இது சிறிய செப்பு நாணயத்தின் பெயர். சென்னையில் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கணக்கில் 80 கேஷ் சேர்ந்தால் ஒரு 'ஃபனம்', 42 ஃபனம் சேர்ந்தால் வராகன் என்ற பொன் நாணயம் ஒன்று. ஃபனம் எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அது நம் பணம். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, கும்பினியின் கைக்குப் போனபோது வரிக் கணக்குகளில் புழங்கிய ஆங்கிலம் இப்படிப்பட்ட ஆங்கிலம்தான்.

அந்த நாணயத்தையே நீங்கள் பார்க்கலாம். 1803, 1808 ஆண்டுகள் பொறித்த கும்பினியின் 20 கேஷ் செப்பு நாணயம் பழைய நாணயம் சேகரிப்பவர்களிடம் எளிதில் கிடைக்கும். ஒரு பக்கம் கும்பினியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'இருபது காஸ் நான்கு ஃபலூஸ்' என்ற பொருளில் ஒரு வரி, அதன் கீழே ரோமன் எண்ணோடு கேஷ் என்ற சொல். இங்கிலாந்தில் அடித்து சென்னைக்கு அனுப்பிய இந்த நாணயங்களோடு அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிப்போனது. பின்னாளில் அவற்றைக் குவியல் குவியலாகக் கடலிலிருந்து எடுத்தார்கள். நடுவில் சதுரத் துளை உள்ள சீன நாணயத்தையும் ஆங்கிலத்தில் இன்றுவரை கேஷ் என்றே சொல்கிறார்கள். அதுவும் இந்தக் காசுதான். ஆக, உங்கள் பட்டியலை எழுதியவர் சொன்ன சொல் சரி, காட்டிய பொருள் தவறு. வங்கிப் பணத்துக்குத் தமிழ் வேரைக் காட்டாமல் இந்தச் செப்புக் காசைக் காட்டியிருந்தால் ஒருவரும் மறுக்க முடியாது.

மேங்கோவுக்கு வருவோம். மாங்கூழ்த் தொழிற்சாலைகளும் ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சியும் நடக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை விட முடியாது. போர்த்துகீசியர் 1498இல் வந்து இறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம். அங்கே மலையாளத்தில் அவர்கள் கேட்டது 'மாங்ங'. அது போர்த்துகீசியத்தில் 'மங்கா' ஆனது. தமிழ் மாங்காயிலிருந்து மலாய் மொழிக்குப் போய், அங்கிருந்து போர்த்துகீசியர் எடுத்தார்கள் என்று சொல்லும் அகராதிகளும் உண்டு. எப்படி ஆனாலும் மா, காய் என்ற இரண்டு திராவிடச் சொற்கள்தான் அதற்குள் இருக்கின்றன. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரா என்ற மா வகையைப் பற்றித் தெரியும்: காயாகவே பாதி விற்றுத் தீர்ந்துவிடும், மிச்சம் கூழுக்குப் போகும். உலகம் முழுவதும் பழத்துக்கு வைத்திருக்கும் பெயருக்குள்ளும் ஒரு 'காய்' இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அதைவிடச் சுவையானது அந்தச் சொல் இங்கிலாந்து போன பிறகு நடந்தது. பாய்மரக் கப்பலில் பல மாதம் போக வேண்டிய காலத்தில் பழம் தாக்குப்பிடிக்காது. ஆகவே அங்கே போய்ச் சேர்ந்தது உப்பிலிட்ட மாங்காய். அதைத் தின்றவர்கள் மேங்கோ என்றால் ஊறுகாய் என்றே எடுத்துக்கொண்டார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வெள்ளரி, பீச் போன்றவற்றை மசாலா திணித்து ஊறவைத்ததும் மேங்கோதான். ஊறுகாய் போடுவதற்கு அதுவே வினைச்சொல்லாகவும் ஆயிற்று. அமெரிக்காவின் ஒஹாயோ, இண்டியானா பகுதிகளில் குடைமிளகாயை மேங்கோ என்று அழைத்த முதியவர்கள் அண்மைக்காலம் வரை இருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டீக், காயர், கொப்ரா, பீட்டல், ஜாக் என்று தேக்கு, கயிறு, கொப்பரை, வெற்றிலை, சக்கை எல்லாம் ஆங்கிலத்துக்குப் போனது மேற்குக் கரை வழியாக, மலையாள உச்சரிப்பில், போர்த்துகீசியர் வாயால். கேட்டமரான், செரூட், அனிகட், மிளகுதண்ணியான முல்லிகடானி ஆகியவை கிழக்குக் கரை வழியாக, தமிழர் வாயிலிருந்து வந்தவை. 1639இல் சென்னையில் இடம் வாங்கிய ஆங்கிலேயர் கரையில் கட்டுமரத்தைப் பார்த்தார்கள், சுருட்டைப் புகைத்தார்கள். மலையாளத்துக்கு உரிய பெருமையை மலையாளத்துக்குக் கொடுப்பதில் நமக்குக் குறைவு எதுவும் இல்லை.

இனி, பட்டியலில் இல்லாத ஒரு சொல். தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ள வேண்டியது இதுதான்: கொரண்டம். மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் நிற வகைகளோ அந்தக் கனிமத்துக்கு உலக அறிவியலில் உள்ள பெயர் அது. கடினத்தில் வைரம் 10 என்றால் இது 9. பெயர் தமிழின் குருந்தத்திலிருந்து வந்தது. பாப்பாரப்பட்டி, பென்னாகரம் பக்கத்துப் பாறைகளில் குருந்தம் கிடைப்பதைப் பழைய சேலம் மாவட்ட நிலவியல் ஆய்வுகள் குறித்திருக்கின்றன. தருமபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. குருந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கில் குழைத்து, வட்டமாக வார்த்துச் செய்வதுதான் அந்தக் காலத்துச் சாணைக்கல். கத்தி தீட்டவும் மணிக்கற்களுக்குப் பட்டை பிடிக்கவும் அது இல்லாமல் முடியாது. 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் ஆசியாவின் இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். பெயர் அறிவியலில் நிலைத்தது.

அது அங்கேயும் நிற்கவில்லை. 1890களில் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் மின் உலையில் ஒரு புதிய தேய்ப்புப் பொருளைச் செய்தார். அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து, கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. பெயர் மட்டும் மாறவில்லை. ஓசூர் சிப்காட்டில் உலோகம் தேய்க்கும் சக்கரத்தின் முன் நிற்கும் தொழிலாளி கார்போரண்டம் என்று சொல்லும்போது, சொல்லின் பின்பாதியில் குருந்தம் இருக்கிறது. இதைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகவாவது சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வூட்ஸ் என்ற எஃகின் பெயரையும் பலர் தமிழ் உருக்கிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்ட பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. இரும்பின் தொன்மை வேறு, சொல்லின் வழி வேறு. அந்தப் பெயர் அறிவுலகில் பரவியது 1795இல் ஜார்ஜ் பியர்சன் எழுதிய கட்டுரையால். மாதிரிகள் போனது பம்பாயிலிருந்து. கன்னடத்தில் எஃகுக்கு உக்கு என்று பெயர். அதை 'வூக்' என்று எழுதியதை வூட்ஸ் என்று பிழையாகப் படித்துவிட்டார்கள் என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். ஓர் எழுத்துப் பிழை இருநூறு ஆண்டுகளாக உலோகவியல் நூல்களில் வாழ்கிறது.

நம் பொருள், பெயர் வேறிடத்தது என்ற வகையும் உண்டு. உரிகம் மலைக்காட்டுப் புளி முதல் தருமபுரிக் கடைத்தெருப் புளி வரை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் டாமரிண்ட். இது அரபு 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. கொட்டை நீக்கி உருட்டிய கரும்பழுப்பு உருண்டையைப் பார்த்த அரபு வணிகர் தங்களுக்குத் தெரிந்த பழத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் இடத்தில் ஆங்கிலப் பலகையைப் பாருங்கள்: கோரக்கிள். அது வேல்ஸ் நாட்டு மொழிச் சொல். தோல் போர்த்திய வட்டத் தோணி அந்த நாட்டு ஆறுகளிலும் உண்டு. ஆகவே காவிரியில் அதேபோல ஒன்றைக் கண்ட ஆங்கிலேயருக்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை. மூங்கில் பின்னலில் மாட்டுத்தோல் கட்டிய பழைய பரிசலை நினைத்துப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான்.

ஜிஞ்சரின் பயணம் இவை எல்லாவற்றையும்விட நீளம். இஞ்சி, வேர் என்ற இரண்டும் சேர்ந்து பாலி மொழியில் சிங்கிவேர ஆயிற்று. சமஸ்கிருதத்தில் அதைச் சிருங்கவேர என்று மாற்றி, கொம்பு வடிவம் கொண்டது என்று பொருள் சொல்லிக்கொண்டார்கள். கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், லத்தீன், பிரெஞ்சு, பிறகு ஆங்கிலம். ஒலி ஒற்றுமையை வைத்துப் பொருள் கற்பிக்கும் பழக்கம் நம் கைபேசியில் தொடங்கியதல்ல என்பதற்குச் சிருங்கவேரமே சாட்சி.

இந்தப் பட்டியல்களில் பெருமையோடு சேர்க்கப்படும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்வேன்: பரையா. பறை என்ற இசைக்கருவியிலிருந்து வந்த ஒரு மக்களின் பெயர் அது. ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் என்ற பொருளில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டு, இன்று உலகம் ஒதுக்கும் நாடுகளைக் குறிக்க நாளிதழ்களில் எழுதுகிறது. நம்மிடமிருந்து போனது ஒரு சொல் மட்டுமல்ல, நாம் சக மனிதர்களுக்குச் செய்த கொடுமையும் அதனோடு போயிற்று. ஆங்கிலத்தில் எழுதும்போது நீங்கள் அந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே பொருள் தரும் வேறு சொற்கள் அந்த மொழியில் தாராளமாக உண்டு.

சொற்பிறப்புக் கட்டுக்கதைகள் தமிழர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நியூஸ் என்பது நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் என்று பயிற்சி மையங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது வெறுமனே நியூ என்பதன் பன்மை. புதியவை என்று பொருள். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்குவது 20ஆம் நூற்றாண்டுக்கு முன் மிகமிக அரிது. பழைய சொல் ஒன்றுக்கு யாராவது அப்படி விளக்கம் சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள். சேலரி என்ற சொல்லில் உப்பு இருப்பது உண்மை. ரோமப் படைவீரருக்கு உப்பையே சம்பளமாகக் கொடுத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை.

பயிற்சி மையம் என்றதும் நினைவுக்கு வருகிறது: தருமபுரி பஸ் நிலையத்தைச் சுற்றிப் பலகை பலகையாகத் தொங்கும் 'கோச்சிங்' என்ற சொல், ஹங்கேரியில் கோச் என்ற சிற்றூரின் பெயர். 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் வண்டிகள் புகழ்பெற்றிருந்தன. ஊர்ப்பெயர் வண்டிப்பெயராகி ஐரோப்பா முழுவதும் பரவியது. ரயில் பெட்டியும் சொகுசு பஸ்ஸும் கோச் ஆயின. 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வைக் கடக்க ஏற்றிச்செல்லும் தனி ஆசிரியரை அந்த வண்டியின் பெயரால் கூப்பிடத் தொடங்கினார்கள்.

நீங்களே சரிபார்க்க மூன்று கேள்விகள் போதும். இந்தச் சொல்லின் மிகப் பழைய உருவம் என்ன? ஆங்கிலத்தில் முதலில் எழுத்தில் வந்தது எப்போது? அந்தக் காலத்தில் அதைச் சுமந்துபோகக் கூடியவர் யார்? கட்டுமரத்துக்கு மூன்றுக்கும் விடை இருக்கிறது. எட்டுக்கு முதல் கேள்வியிலேயே வழி அடைபடுகிறது. ஆங்கிலப் பக்கத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் பாருங்கள். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டு போட்ட மேற்கோள்கள் உண்டு. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்தில் கலந்த சொற்களுக்கு 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதி இன்றும் நல்ல துணை. தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட சொற்பிறப்பியல் அகராதியும் இருக்கின்றன. இரண்டையும் இணையத்தில் செலவில்லாமல் தேடிப் பார்க்கலாம். இரண்டு பக்கத்தையும் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதால்தான் இத்தனை குழப்பமும்.

உங்கள் பட்டியலில் மிச்சமிருப்பது தாக்கு – அட்டாக். தமிழ்ப் பக்கம் தாக்கு என்பது பழைய சொல்தான், ஐயமில்லை. ஆங்கிலப் பக்கம் பார்த்தால், அட்டாக் அந்த மொழியில் எழுத்துக்கு வருவது 1600ஐ ஒட்டி, பிரெஞ்சிலிருந்து. பிரெஞ்சுக்கு அது இத்தாலியத்திலிருந்து போனது. இத்தாலியத்தில் அதன் பொருள் இணைப்பது, பிறகு 'போரில் இணைவது'. மின்னஞ்சலில் கோப்பை 'அட்டாச்' செய்கிறோமே, அதுவும் அட்டாக்கும் ஒரே வேரிலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள். தமிழ் தாக்கு அந்தப் பாதையில் எந்த இடத்திலும் குறுக்கிடவில்லை. வகுப்பில் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் கொரண்டத்தை எழுதிக்கொள்ளுங்கள்.